கண்ணாடியார் பார்த்த சிவப்பு

"கணினித் திரையின் வடிவத்தையோ நிறத்தையோ தலைமை அலுவலகத்தின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது." எங்கள் தொழிற்சாலைக் கையேடு சொல்வது இது. இந்த விதியைக் கண்ணாடியார் போல மனப்பாடமாக ஒப்பித்தவரும் பெங்களூரில் கிடையாது. அவரைப் போல மீறியவரும் கிடையாது.

கணினிப் பிரிவு அதிகாரி அவர். ஓர் அறிக்கையை அச்சடிக்கும் முன், அதைப் படிக்கப்போகிறவரின் மூக்குக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு பார்ப்பார். பெயர் அப்படி வந்ததுதான். ஜெனரல் மானேஜரின் கண்ணாடியைப் போட்டுப் பார்த்த அன்று, உற்பத்திக் கணக்கு முழுவதும் ஒரே வட்டப் படமாகச் சுருங்கிவிட்டது. "பக்கத்துல மேல் பாதியைத்தான் படிக்கிறாரு ஸார், கீழ்ப் பாதியில தூங்கிடறாரு" என்றார். அதே கணக்கு யூனியன் தலைவருக்குச் சுவரொட்டி எழுத்தில் போனது. என் கண்ணாடியை மட்டும் தொடக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தேன். நிர்வாக அதிகாரியின் கண்ணாடி அலுவலகச் சொத்தல்ல.

தொண்ணூறுகளின் நடுவில் பாய்லர் அறையில் முள் காட்டும் பழைய மானிகளை எடுத்துவிட்டு வண்ணத் திரை வைத்தார்கள். மூன்று பாய்லருக்கு மூன்று கட்டம். அழுத்தம் சரியாக இருந்தால் பச்சை, மீறினால் சிவப்பு. அதைப் பார்த்துக்கொள்பவர் மர்பி டவுன் பகுதியிலிருந்து வரும் அந்தோணி. அவர் சம்பளத்தில்தான் வீடு நடந்தது.

ஒரு காலையில் நானும் கண்ணாடியாரும் அங்கே போனபோது நடுக்கட்டம் சிவந்திருந்தது. அந்தோணி அதற்கு எதிரே நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தோணி, ரெண்டாவது பாய்லர் எப்படி இருக்கு?" என்றார் கண்ணாடியார்.

"நல்லாத்தான இருக்கு ஸார்."

"நீராவியைத் திறந்து விடுங்க. இப்பவே."

டீ தரையில் சிந்தியது. அந்தோணி வால்வைத் திருகினார். கூரை அதிர நீராவி வெளியேறி, அழுத்தம் இறங்கி, கட்டம் பச்சைக்குத் திரும்பியது. பிறகு கண்ணாடியார் வழக்கம்போலக் கையை நீட்டினார்.

"நான் கண்ணாடி போடறதில்ல ஸார்" என்ற அந்தோணி, என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார். "எனக்கு மூணு கட்டமும் ஒரே கலருதான். சின்ன வயசுலருந்தே அப்படித்தான். முள்ளு இருந்த வரைக்கும் தொந்தரவு இல்ல. வேலையை எடுத்துடாதீங்க ஸார்."

நிறம் பிரித்தறியாதவர் அந்தத் திரையின் முன் உட்காரக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. அது எனக்குத் தெரியும் என்பது இருவருக்கும் தெரியும். வாய்மொழியாக வந்ததைக் கோப்பில் ஏற்க வழியில்லை என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

மத்தியானத்துக்குள் திரை மாறியிருந்தது. நிறத்துக்குப் பதில் பழைய மானியைப் போலவே முள். அழுத்தம் மீறினால் அந்தக் கட்டம் திரை முழுக்கப் பெருத்து மணியடிக்கும்.

ஜெனரல் மானேஜர் எங்களைக் கூப்பிட்டுக் கன்னடத்தில் ஆரம்பித்தார். "ஏன்ரீ, யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

"எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான் ஸார். திரையைச் சரிபார்க்க முடியல" என்றார் கண்ணாடியார்.

"அப்போ இத்தனை வருஷமா என் வட்டப் படத்துக்குக் கலர் அடிச்சது யாரு?"

"அதனாலதான் ஸார் அது யாருக்கும் புரியல."

தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்க உத்தரவானது. பதில் வரும்வரை புதுத் திரை இருக்கலாம். மறுத்துவிட்டால் பழைய வண்ணம் திரும்பும். அந்தோணியின் வேலை போகும். தினமும் தபால் பை பிரியும்போது கண்ணாடியார் என் மேஜையருகே வந்து நிற்பார். "வந்துச்சா?" "இல்ல." போகும் வழியில் கேன்டீனில் தக்காளிச் சட்னியையும் புதினாச் சட்னியையும் காட்டி, எது எது என்று ஜெனரல் மானேஜர் காதுபடக் கேட்டுவிட்டுப் போவார். வருஷக்கணக்கில் கேட்டார்.

அந்தோணி ஓய்வுபெற்ற அன்று, கழுத்தில் மாலையோடு அவர் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தபோது பதில் வந்தது. திரையை மாற்ற அனுமதியில்லை. நிறம் தெரியாத அதிகாரிக்கு நிறங்களைச் சொல்ல ஓர் உதவியாளரை நியமித்துக்கொள்ளலாம்.

கண்ணாடியார் கடிதத்துக்காகக் கை நீட்டினார். கடிதத்தோடு என் கண்ணாடியையும் கழற்றிக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

பதில் வந்த தேதியைப் பதிவேட்டில் உடனே எழுத வேண்டும் என்பது விதி. கண்ணாடி அவர் மூக்கில் இருந்தது. அந்தோணி வீட்டுக்குப் போன பிறகு, நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.