திரையில் முளைத்த மேடு

"அந்த மேடு இன்னும் போகலையா?" என்று கேட்டார் ஆய்வுக்கூடத் தலைவி மைதிலி.

போகவில்லை. திரையில் தட்டையாக ஓடவேண்டிய கோட்டின் நடுவே, கொசு கடித்த தடிப்பைப் போல ஒரு மேடு நின்றது. நாச்சாரம் ஆய்வுக்கூடத்தில் பொறியாளன் ஷெர்வின் வருடக்கணக்காகச் சீராட்டி வளர்த்த மீக்கடத்திப் பெருக்கியின் திரை அது. கடுங்குளிரில் உட்கார்ந்துகொண்டு, இருப்பதே தெரியாத மெல்லிய சிக்னலைக்கூடத் தன் சொந்த இரைச்சலைக் கலக்காமல் பெரிதாக்கிக் காட்டவேண்டியது அதன் பிறவிப்பயன். மறுநாள் நிபுணர் குழு சோதிக்க வருகிறது. தேறாவிட்டால் திட்டத்துக்கே மூடுவிழா.

"பெருக்கியோட சொந்த இரைச்சலா இருக்குமோ?"

"என் பெருக்கி அப்படியெல்லாம் இரையாது மேடம். வெளியிலேர்ந்து வருது," என்றான், பெற்ற பிள்ளைமேல் புகார் கேட்ட தகப்பனாக.

முதலில் எல்லோருடைய செல்போனையும் பிடுங்கி, இட்லிக் குண்டானில் போட்டு மூடினான். சுற்றியிருந்த இரைச்சல் குறைந்ததில் மேடு இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

அடுத்து கேன்டீன் மைக்ரோவேவ்.

"நக்கோ சார்! சமோசாவை எதுல சூடு பண்றது?" என்று மறித்தாள் கேன்டீன் நாகம்மா.

"அறிவியலுக்காக ஆறின சமோசா தின்னா ஒண்ணும் ஆகாது."

மேடு ஒரு சுற்றுப் பருத்தது. லிஃப்டை நிறுத்தினான்.

"ஏசியையுமா நிறுத்திட்ட?" மைதிலி விசிறிக்கொண்டே கேட்டார்.

"ஹவ் மேடம்," என்று ஆமோதித்துத் தலையாட்டினான்.

மேடு இப்போது சார்மினாரின் மினார் போல ஓங்கி நின்றது. வேறு வழியில்லாமல், அந்த ஒரு அலைவரிசையை மட்டும் மறிக்கும் வடிகட்டியைக் கம்பியில் செருகினான். கோடு இஸ்திரி போட்டதுபோல் படிந்தது. ஷெர்வின் அன்று நிம்மதியாகத் தூங்கினான்.

மறுநாள் குழுத் தலைவர் பத்ரி மாடிப்படி ஏறி, மூச்சு வாங்கி, வியர்வையைத் துடைத்து, ஆறின சமோசாவை ஒதுக்கிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"ஒண்ணுமே தெரியலையே?"

"தெரியாது சார்! அவ்வளவு சுத்தம்," என்று நெஞ்சை நிமிர்த்தினான் ஷெர்வின்.

பத்ரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். அவருடன் வந்த இளம் பொறியாளர் ஜூடித் மட்டும் தயங்கி நின்றாள்.

"பாவம் பிரதர் நீங்க. இதுக்குக் காது கேக்குதான்னு பார்க்கத்தான், போன வாரம் யார்கிட்டயும் சொல்லாம உள்ளே ஒரு குட்டி சிக்னலை விட்டு வெச்சோம்... ஒரு சின்ன மேடாவது தெரிஞ்சிருக்கணுமே!"