கலவை டாக்டரின் கடைவாய்ப்பல்

கோயமுத்தூரில் எத்தனையோ பல் டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால், விருந்தாளியின் பல் உடைந்ததைக் கேட்டுக் கைதட்டிக் குதித்த டாக்டர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கலவை டாக்டர்.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. கணபதிப் பகுதியில் அவர் வீட்டு முன்னறைதான் ஆஸ்பத்திரி. பல் ஓட்டையை அடைக்கும் சிமெண்டை அவரே புதிதாகச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். கலவையைச் சின்ன மாத்திரைகளாக உருட்டிக் காயவைத்து, ஒன்றை டீயில், ஒன்றைப் புளித்தண்ணீரில், ஒன்றை எலுமிச்சை ஊறுகாயில் என்று ஊறப்போடுவார். மனுஷன் வாயில் போவதை எல்லாம் அது தாங்குகிறதா என்று பார்க்கத்தான். ஒரு நாள் வெள்ளகோவிலிலிருந்து வந்திருந்த அவருடைய சம்பந்தி, சாப்பாட்டின்போது கைக்கு எட்டிய ஊறுகாய் ஜாடியைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார். 'கடக்' என்று ஒரு சத்தம்.

"ஏனுங்க சம்பந்தி, ஊறுகாய்ல கல்லு கெடக்குதுங்க!"

டாக்டர் சோற்றுக் கையோடு எழுந்துவிட்டார். "உடைஞ்சது எதுங்க? கல்லா, பல்லா?"

சம்பந்தி கையில் துப்பிப் பார்த்தார். "பல்லுதானுங்க."

"அப்படிப் போடுங்க!" என்று டாக்டர் கைதட்டினார். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்கே சம்பந்திக்குப் பல்லைச் சரிசெய்து அனுப்பினார் என்றாலும், அதற்குப் பிறகு அந்த மனுஷர் அந்த வீட்டில் மோர்ச் சோற்றைக்கூட விரலால் தடவிப் பார்த்துத்தான் சாப்பிடுவார் என்று கேள்வி.

நான் அப்போது அதே தெருக்கோடியில் இருந்த சின்னப் பவுண்டரியில் உலைக்காரன். பம்பு சாமான்களுக்கு கன்மெட்டல் என்கிற செம்புக் கலவை உலோகத்தை உருக்கி ஊற்றுவது வேலை. ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. பகலெல்லாம் உலையின் இரைச்சலில் நின்றதாலோ என்னவோ, மனுஷரோடு பேசுவது எனக்கு வரவே இல்லை. போதாதற்கு முன்பல் ஒன்று கறுத்துச் சொத்தையாகியிருந்தது. பேசித்தான் ஆகவேண்டும் என்றால், வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசுவேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் டாக்டர் மொபெட்டில் இரண்டு துணிப்பைகளோடு வந்து இறங்கினார்.

"ஏனுங் டாக்டரே, பல்லு செட்டு வார்க்கோணுங்களா? இரும்புல ஊத்தட்டுமா, பித்தளையிலயா?" என்று எங்கள் முதலாளி சிரித்தார்.

"கண்ணாடி உருக்கோணுமுங்க" என்றார் டாக்டர்.

ஒரு பையில் வெள்ளகோவில் காட்டில் பொறுக்கிய வெங்கச்சங்கல், பாலைப்போல வெளுத்தது, தூளாக இடித்திருந்தது. மற்றதில் சோடாவும் சுண்ணாம்பும் இன்னும் ஏதோ உப்புகளும். எல்லாவற்றையும் மூசையில் போட்டு உருக்கித் தண்ணீரில் ஊற்ற வேண்டும். மூசை என்பது உலைக்குள் வைக்கிற பானை. அதையும் புதிதாகத் தானே வாங்கி வந்திருந்தார். "இதுல வேற எதையும் உருக்கிப்போடாதீங்க தம்பி. பொறந்த கொழந்தை வாய் மாதிரி சுத்தமா இருக்கோணும்" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். உலை காயும் வரை, கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் பாடம் நடத்துவார். ஐந்தாம் வகுப்பு வாத்தியாருக்குப் பிறகு எனக்கு எதையாவது விளக்கிச் சொன்ன முதல் ஆள் அவர்.

"இப்ப நாங்க வெக்கற சிமெண்டு என்ன பண்ணுது தெரியுமா தம்பி? ஓட்டையில சும்மா உக்காந்துக்குது. வாடகைக்குக் குடியிருக்கறவன் மாதிரி. கொஞ்ச வருசத்துல சந்துல தண்ணி பூந்து மறுக்காச் சொத்தை. நாம வெக்கறது ஊட்டுக்காரனா இருக்கோணும். பல்லுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை அதுவே கொஞ்சங்கொஞ்சமாக் குடுக்கோணும். பல்லு அதைத் தன்னோடதுன்னு நெனச்சுச் சேத்துக்கோணும்."

"அப்படி நெனைக்குங்களா?" என்றேன், கைக்குள்ளிருந்து.

"எலும்பு நெனைக்குதுன்னு வெளிநாட்டுல எழுதியிருக்கறாங்க. பல்லு எலும்புக்கு ஒறவுதானே?"

உறவு அத்தனை சுலபமாக ஒட்டவில்லை. இந்தக் கண்ணாடியைத் தூளாக்கிச் சிமெண்டில் அதிகமாகச் சேர்த்தால் பல்லுக்கு நல்லது, ஆனால் கலவை பொரிமாவாக உதிர்ந்தது. குறைத்தால் கல்லாக நின்றது, ஆனால் பல்லுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. "பலம் இருந்தாப் பாசம் இல்ல, பாசம் இருந்தாப் பலம் இல்ல" என்று டாக்டர் புலம்புவார். சாமானை இறுக்கிப் பிடிக்கிற எங்கள் வைஸில் மாத்திரையை வைத்துத் திருகச் சொல்லி, எத்தனை திருகில் உடைகிறது என்று குனிந்து பார்ப்பார். உடைந்தால் துக்க வீட்டில் நிற்பதுபோல ஒரு நிமிஷம் நிற்பார். ஆட்களும் வேலையை நிறுத்திவிட்டு நிற்பார்கள். முதலாளிக்குத்தான் எரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் விளையாடமாட்டார். நோயாளி யாருக்கும் அந்தக் கலவையை வைத்ததில்லை. அவருடைய கடைவாய்ப்பல்லில் பழைய அடைப்பு ஒன்று நன்றாகத்தான் இருந்தது. அதைத் தோண்டி எடுத்துவிட்டு, ஒவ்வொரு கலவையையும் அங்கேதான் வைத்துப் பார்த்தார். உதிர்ந்தது, புளித்தது, வீங்கியது எல்லாம் அவர் வாயில்தான்.

என் முன்பல்லைப் பிடுங்கிவிடலாம் என்று வேறு டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "நரம்புக்கிட்டப் போயிருச்சு. ஆனாப் புடுங்க வேண்டாம். கலவை செட்டாகட்டும், மொத ஆளு நீங்கதான்" என்று தற்காலிகமாக எதையோ வைத்து அடைத்தார். 'மொத ஆளு' என்று என்னை யாரும் எதற்கும் சொன்னதில்லை.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, அவருடைய மூசை என் கை நழுவி விழுந்து விரிசல் விட்டது. டாக்டர் வெளியே முதலாளியோடு பேசிக்கொண்டிருந்தார். போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. பக்கத்தில் கன்மெட்டல் மூசை இருந்தது. நன்றாகச் சுரண்டித் துடைத்துவிட்டு, அதிலேயே உருக்கி ஊற்றினேன்.

தண்ணீருக்குள் கண்ணாடி இளம் பச்சையாகக் கிடந்தது.

"இதென்னுங் தம்பி, பச்சையா வந்திருக்குது?" என்றவர், நான் வாயைத் திறப்பதற்குள், "வெங்கச்சங்கல்லுல இரும்பு இருந்திருக்கும்" என்று தானே சொல்லிக்கொண்டார். நான் தலையாட்டிவிட்டேன்.

அந்தப் பச்சைக் கலவை வைஸில் உடையவே இல்லை. திருகியவருக்கு மூச்சு வாங்கியதுதான் மிச்சம். டாக்டர் அதைத் தன் கடைவாய்ப்பல்லில் வைத்துக்கொண்டு ஆறு மாதம் கரும்பு, முறுக்கு, நிலக்கடலை உருண்டை என்று தெருவெல்லாம் கடித்துக்கொண்டு திரிந்தார். அசையவில்லை. டவுனில் பல் டாக்டர்கள் கூடும் கூட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச அவருக்கு இடம் கொடுத்தார்கள். அதற்கு முந்தின நாள் என்னை நாற்காலியில் சாய்த்து, வாயில் பஞ்சை அடைத்தார். கண்ணாடிப் பலகைமேல் கலவையைக் குழைத்துக்கொண்டே பேசினார்.

"இனி பயமில்ல தம்பி. உங்களுக்கு அடுத்து எம்பேத்திக்குத்தான். ஏழு வயசு, பல்லெல்லாம் சொத்தை."

"ஊ… ஊஊ…" என்றேன்.

"நான் இன்னும் தொடவே இல்லீங்களே! அதுக்குள்ள வலிக்குதா?"

பஞ்சைப் பிடுங்கிப் போட்டேன். கையால் வாயை மூடவும் மறந்துபோனேன்.

"அது உங்க மூசையில உருக்குனது இல்லீங்க. அது உடைஞ்சுபோச்சுங்க. கன்மெட்டல் மூசையில உருக்கிப்போட்டேனுங்க."

டாக்டர் கை நின்றது. "கன்மெட்டல்ல ஈயம் சேப்பாங்களா?"

"கொஞ்சம் சேப்பாங்க."

"ஈயம் வெசமுங்க தம்பி" என்று பலகைமேல் இருந்த கலவையைப் பார்த்தார். அது இறுகிக்கொண்டிருந்தது. பிறகு, "எந்திரிங்க தம்பி" என்றார். நான் எழுந்ததும் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, என் கையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்தார். மெஷினை ஓட்டி, தன் கடைவாய்ப்பல்லில் இருந்த பச்சையைத் தானே குடைய ஆரம்பித்தார். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

மெஷினை நிறுத்தினார். "அழுவாதீங்க தம்பி. கண்ணாடி ஆடுது. அப்பறம் நான் மூக்கைத் தோண்டிப்போடுவேன்."

மறுநாள் கூட்டத்துக்குப் போகமாட்டார் என்று நினைத்தேன். போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. நான் கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன். மேடையில் ஏறி, நடந்ததை அப்படியே சொன்னார். இந்தக் கலவையை யாரும் நம்ப வேண்டாம், மூசை மாறிப்போனது, மறுபடியும் முதலிலிருந்து செய்யப்போகிறேன் என்றார். சிரிப்பு கிளம்பியது. முன்வரிசையில் ஒரு பெரியவர், "யாருங்க அந்த உலைக்காரன்?" என்று கேட்டார்.

"உலைக்காரர் மேல தப்பில்லீங்க" என்றார் டாக்டர். "ஏன் பச்சையா வந்துதுன்னு கேட்டதும் நான், பதில் சொன்னதும் நான். அந்த மனுசனைப் பேசவே உடலீங்க."

அடுத்த சனிக்கிழமை புது மூசையோடு வந்து, அதே வாளியில் உட்கார்ந்தார். என் பல்லை எல்லோரும் வைக்கிற சிமெண்டாலேயே பக்குவமாக அடைத்துக்கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு மூன்று வருஷம் உருக்கினோம். பலமும் பாசமும் கடைசிவரை ஒன்று சேரவில்லை. ஒரு தை மாதம், காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்று முதலாளி வந்து சொன்னார்.

இப்போது அந்த மாதிரிக் கலவை வெளிநாட்டிலிருந்து அழகான டப்பாவில் வருகிறதாம். இவர் கணக்கு சரிதான் என்று யாரிடம் போய்ச் சொல்வது? சனிக்கிழமை மத்தியானமானால் மனசு ஒரு நிலையில் இருப்பதில்லை. அவருடைய ஆறு மாத உழைப்பைப் பாழாக்கியவன் நான். அன்றைக்கு என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது, இன்றைக்கு மனசு அவரை இவ்வளவு தேடாது.