கேள்விக்குறிக்குப் பிறகு ஒரு கலியாணம்

திரையில் மணப்பெண் வந்தாள். விதுசன் திரைக்கு அருகில் போய்ப் பார்த்தான். அது லக்சிகா இல்லை.

உடையார்கட்டில் விதுசன் நடத்தும் கணினி நிலையத்தில் அன்று மாலை பாதி ஊர் கூடியிருந்தது. கமலாசனியின் ஒரே மகள் லக்சிகாவுக்குக் கனடாவில் கலியாணம். தாய்க்கு வீசா கிடைக்கவில்லை. பாவம், நேரலையில் திரையிலாவது பார்க்கட்டும் என்று பலகாரம், அட்சதையோடு சொந்தக்காரர் எல்லாரும் வந்திருந்தார்கள். கமலாசனி தந்த லிங்கைப் போட்டால் ஓடுவதோ, நிலையத்தில் வேலை செய்யும் யதுர்ஷிகா காலையில் கொண்டை அலங்காரம் பார்க்கப் போட்ட யாரோ ஒருத்தியின் கலியாணம்.

பிழை விதுசனுடையதுதான். ஒருமுறை பார்த்த பக்கத்தைச் சேமித்து, அடுத்தவருக்கும் அதையே எடுத்துக் கொடுக்கும் புறொக்சி சேர்வர் ஒன்றை வைத்திருந்தான். டேட்டா மிச்சம். இன்னும் மிச்சம் பிடிக்கும் ஆசையில், இணைய முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் வெட்டிவிட்டு மாற்றி எழுதும்படி அன்று காலை ஒரு விதி போட்டான். எந்த வீடியோ என்று சொல்வதே அந்த வால்தான் என்பது இப்போதுதான் உறைத்தது. வாலை வெட்டியதும் உலகத்து வீடியோ எல்லாம் ஒரே வீடியோவாகிவிட்டது.

"நல்லா வெளுத்துப்போனாள், என்ன?" என்றார் தாய்மாமன் நல்லதம்பி.

"குளிருக்கை இருக்கிறவள். வெளுக்காமல் என்ன செய்வாள்?" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி.

தாலி ஏறியது. அட்சதை பறந்தது. கமலாசனி திரையை ஒரு மாதிரி வெறித்துப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

விதுசன் விதியைத் திருத்தினான். சேமித்த பிரதி அசையவில்லை. சேர்வரை நிறுத்தி மறுபடி போட்டான். திரை இருண்டது, சனம் "ஐயோ" என்றது. படம் திரும்பி வந்தபோது கலியாணம் முதலிலிருந்து தொடங்கியது.

"உதென்ன, மாப்பிள்ளை திரும்பவும் தாலி கட்டுறார்?"

"ஐயருக்கு ஒருக்கா, கமராவுக்கு ஒருக்கா. விசயம் தெரியாட்டிச் சும்மா இரும்" என்றார் நல்லதம்பி.

அட்சதை இரண்டாம் தரமும் பறந்தது. பாதி கீபோர்ட்டுக்குள் போனது. நல்லதம்பி எழுந்து வந்து விதுசனுக்குச் சால்வை போர்த்தினார்.

"நீர் நல்லா இருக்கோணும் தம்பி. பெத்தவளின்ர மனம் குளிர வைச்சிட்டீர்."

எல்லாரும் கைதட்டினார்கள். விதுசனுக்கு அழுகை வந்தது. ஒரு தாயை ஏமாற்றிச் சால்வையும் வாங்கியாயிற்றே! உண்மையான தாலிகட்டு இந்நேரம் முடிந்திருக்கும்.

கடைசி முயற்சியாகச் சேமிப்பு முழுவதையும் துடைத்தான். பெரிய திரையில் ஓடுவதை அப்படியே ஓடவிட்டு, கமலாசனி தந்த லிங்கைத் தன் சின்னத் திரையில் போட்டுப் பார்த்தான். யாரோ ஓர் அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். விதுசன் தலையில் கைவைத்தான்.

இனி மறைக்க முடியாது. கமலாசனியிடம் போய்க் குனிந்தான்.

"அன்ரி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உது உங்கட பிள்ளையில்லை. நீங்கள் தந்த லிங்கைப் போட்டா இப்ப கத்தரிக்காய்க் குழம்பு வருது."

கமலாசனி அவன் கையை இறுக்கிப் பிடித்தார்.

"மெதுவாக் கதையும் தம்பி. நான் தந்ததே குழம்பு லிங்க்தான். அவள் போன மாசமே விரும்பின பெடியனோட, தாலியுமில்லாமல் ஐயருமில்லாமல், பதிவுக் கந்தோரில கையெழுத்து வைச்சு எழுத்தை முடிச்சிட்டாள். கலியாணத்தைக் காட்டு காட்டெண்டு நிக்கிற சனத்துக்கு நான் எந்த முகத்தோட சொல்ல? கடவுள் மாதிரி வந்து காப்பாத்திப்போட்டீர்."

"அப்ப இவ்வளவு சனத்தையும் ஏன் அன்ரி இங்க கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

"உம்மட இன்ரநெற் ஒருநாளும் வேலை செய்யாதெண்டு நம்பித்தான், ராசா!"