510511-ஐத் துண்டிக்கலாகாது

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதுவது. இங்கு என் முழங்காலைத் தவிர அனைத்தும் நலம். உங்கள் நலத்தை என் மகன் வாயால் தெரிந்துகொள்கிறேன். அவனுடைய கைபேசியில் என்னை விசாரிக்கிறீர்களாம். நான் என்ன பக்கத்து வீட்டுக்காரனா?

விஷயம் இதுதான். கூடத்துப் போனைத் துண்டிக்கப் போகிறானாம் உங்கள் மருமகன். "யாருப்பா இதுல கூப்பிடுறா? மெத்தை விக்கிறவன் மட்டுந்தான்" என்கிறான். அந்த நம்பர் பகா எண்டா, எதாலும் வகுபடாது, அதைப் போய்த் துண்டிப்பாயா என்றேன். "எண்ணை யாரும் துண்டிக்கலப்பா, கம்பியைத்தான்" என்கிறான். தொலைபேசி நிலையத்திடம் நானே முறையிட்டேன். அங்கிருந்த பெண், "ஃபேன்சி நம்பருக்குத் தனித் திட்டம் இருக்குங்கய்யா. பகா எண்ணுக்கு இல்லீங்க" என்று மரியாதையாக முடித்துவிட்டாள்.

இந்தப் போன் வந்த நாள் உங்களுக்கு மறந்திருக்காது. வேலைக்காலம் முழுதும் வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்தவன் நான். எந்த எண்ணும் என் கண்ணுக்குத் தப்பாது. 510511 என்றதுமே பிடித்துவிட்டேன். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, பதினேழு, இந்த ஏழு எண்களையும் பெருக்கினால் 510510. அதோடு ஒன்று. இந்த ஏழில் எதால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சும். ஆகவே பகா எண். போன் பார்க்க வந்தவர்களெல்லாம் தலையாட்ட, நீங்கள் மட்டும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "பத்தொன்பதால வகுத்துப் பாத்தீங்களா அத்தான்?" என்றீர்கள். பார்க்கவில்லை. பார்ப்பது சந்தேகப்படுவதற்குச் சமம். நான் குரலை உயர்த்த, நீங்களும் உயர்த்த, "ரெண்டு பேரும் கணக்கை விடுங்க, போன் அடிக்குது" என்றாள் உங்கள் அக்கா. அதுதான் முதல் அழைப்பு. தப்பான நம்பர். அதற்கே அவள் அரை மணி நேரம் பேசினாள்.

அவளுக்குப் பகா எண்ணெல்லாம் தெரியாது. கேட்பவர்களிடம், "ஐநூத்திப் பத்து, அதுக்கடுத்தது ஐநூத்திப் பதினொண்ணு, அவ்வளவுதான்" என்பாள், ஏதோ வரிசை வீடுகளுக்கு வழி சொல்வதுபோல. ஞாயிறுதோறும் நீங்கள் கூப்பிடுவீர்கள். எடுத்ததும் நலம் கேட்க மாட்டீர்கள், "பத்தொன்பது என்ன ஆச்சு?" என்பீர்கள். அவள் சிரித்துக்கொண்டே, "உங்களைத்தான் கேக்குறான்" என்று கருவியை என் பக்கம் நீட்டுவாள். நான் வாங்க மாட்டேன். அவள் போனபின் அந்தக் கேள்வியும் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பக்கத்தில்தான் உட்காருகிறேன். காற்று அங்குதான் நன்றாக வருகிறது.

கடைசியில் மகன் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறான். "இந்த மாசத்துக்குள்ள நம்ம ஆளு ஒருத்தராவது இதுல கூப்பிடட்டும், வெச்சுக்கலாம்" என்கிறான். ஆகவே நீங்கள் கூப்பிட்டு, 510511 பகா எண்தான் என்று ஒத்துக்கொள்ள வேண்டியது. வேறு பேச்சு தேவையில்லை.

வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் என் ஆசிகள். கேட்காவிட்டாலும் உங்களுக்கும்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுமுன் சும்மா இருந்த கைக்கு வேலையாகப் பத்தொன்பதால் வகுத்தேன். மீதியின்றிப் போகிறது. குருட்டாம்போக்கில் சொன்னது வெற்றியாகாது. ஈவு 26869. அது பகா எண் என்பது என் முடிவு. உடனே தொண்ணூற்றேழு என்பீர்கள். நான் வகுத்துப் பார்ப்பதாக இல்லை. மறுப்பிருந்தால் கடிதத்தில் வேண்டாம், போனில் சொல்லவும். ஞாயிற்றுக்கிழமை.