மூன்றைத் தாண்டாத எக்ஸ்

"சார், எனக்குக் காபித்தூள் வேணாம். வீட்டுல ஏற்கனவே வாங்கிட்டாங்களாம்."

லிஃப்ட் மெக்கானிக் போனில் இப்படிச் சொன்னபோது எக்ஸ் வாத்தியார் டாக்சியில் பாதி வழி வந்துவிட்டிருந்தார். கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றும் அந்தப் பட்டப்பெயர் அவரை விடவில்லை. அவரும் எக்ஸை விடவில்லை.

தெருமுனைக் கடையில் கிலோ அறுநூறு. ஊர்க்கோடி மொத்தக் கடையில் ஐந்நூறுதான், ஆனால் போய்வர டாக்சிக்கு முந்நூறு. 600x = 500x + 300. மூன்று கிலோவுக்கு இரண்டும் ஒன்றுதான். மூன்றைத் தாண்டினால் மொத்தக் கடை லாபம்.

மனைவி போன பிறகு அவருக்கு மாதம் அரைக் கிலோ போதும். அதனால்தான் தன் அடுக்குமாடிக் குடியிருப்பில் மாடி மாடியாக ஏறி, "உங்களுக்கும் சேர்த்து வாங்கட்டுமா?" என்று கேட்க ஆரம்பித்தார். இது ஆறாவது மாதம். காரணமில்லாமல் யார் வீட்டுக் கதவையும் தட்டத் தெரியாத மனிதருக்கு, அந்த ஒரு கேள்விதான் துணை.

இப்போது பல் டாக்டர் ஒரு கிலோ, மூன்றாம் மாடி நர்ஸம்மா ஒரு கிலோ, தனக்கு அரை. எக்ஸ் இரண்டரை. ஐம்பது ரூபாய் நஷ்டம். அடுத்த மாதம் எந்த முகத்தோடு கதவைத் தட்டுவது?

கடையில் சொன்னார்: "எனக்கு மட்டும் ஒன்றரை கிலோவாப் போடுப்பா."

"விருந்தாளிங்க வர்றாங்களா சார்?"

"யாரும் வரலப்பா. கணக்குக்குத்தான்."

அரைத்து முடிப்பதற்குள் டாக்சிக்காரர் எட்டிப் பார்த்தார். "வெயிட்டிங் நூறு ஆயிடுச்சு சார்."

வாத்தியார் காற்றில் விரலால் சமன்பாட்டைத் திருத்தினார். நான்கு கிலோ!

"இன்னும் ஒரு அரைக் கிலோ போடு!"

லாபம் சுத்தமாகப் பூஜ்யம். வரைபடத்தில் இரண்டு கடைகளின் கோடுகளாவது ஒன்றையொன்று சந்தித்துக்கொண்டனவே என்று மனதைத் தேற்றிக்கொண்டு திரும்பினார். மெக்கானிக் குடியிருக்கும் கட்டடமாயிற்றே, லிஃப்ட் வழக்கம்போல ஓடவில்லை. மூச்சு வாங்க மூன்று மாடி ஏறினார்.

நர்ஸம்மா கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால் அலமாரியில் அதே கடையின் காபித்தூள் பொட்டலங்கள் ஐந்து, கட்டுக்கூடப் பிரிக்காமல் வரிசையாக நின்றன.

"என்னம்மா இது? தூள் சரியில்லையா?"

"சேச்சே, தூள்மேல ஒரு குறையும் இல்ல."

"அப்ப என்மேல பரிதாபப்பட்டு வாங்குறீங்களா?" வாத்தியார் கேட்டார்.

"உங்கமேலயா? நான் காபியே குடிக்கிறதில்ல சார். மாசத்துக்கு ஒரு தடவை என் கதவைத் தட்டுற ஒரே ஆள் நீங்கதானே!"