சலேத் மாதாவுக்கு இன்சூரன்ஸ்

பூசையில் முழங்காலில் நின்றபடியே பாஸ்கல் ஒரு தீர்மானம் எடுத்தான். இனிமேல் மரியான் தன் வீட்டில் மீன்தலை சாப்பிடக் கூடாது.

மீன்தலைதானே என்று லேசாக நினைக்கக் கூடாது. போன ஞாயிற்றுக்கிழமை சட்டியில் இருந்தது ஒரே ஒரு விளமீன் தலை. அதை பிளாரன்ஸ் யாருக்கு வைத்தாள்? தாலி கட்டிய பாஸ்கலுக்கு வால்துண்டு. படகு பார்த்துக்கொள்ளும் மரியானுக்குத் தலை. "அண்ணனுக்கு வெயில்ல நின்ன ஒடம்புல்லா" என்று காரணம் வேறு. பாஸ்கல் மட்டும் என்ன ஐஸ் பெட்டிக்குள்ளேயா வேலை பார்க்கிறான்? கப்பல் ஏஜென்ஸி ஆபீசில், காற்றாடிக்கு நேர் கீழே உட்கார்ந்து சரக்குப் பட்டியல் எழுதுகிறான். அதுவும் சூடான காற்றுதான்.

மரியானுக்கு நாற்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. பல் அத்தனையும் இருந்தது. பாஸ்கலுக்கு முப்பத்திரண்டு வயதிலேயே இரண்டு பல் போயிருந்தது. பிளாரன்ஸ் மரியானை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். அவனும் அவளைத் தங்கச்சி என்பான். ஆனால் முறை என்பது வாயில்தானே இருக்கிறது, மீன்தலை தட்டில் அல்லவா இருக்கிறது என்று பாஸ்கலுக்கு வயிறு எரிந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தப் படகு. இருபத்திரண்டு அடி நீளம், ஒரு பாய்மரம், நாலு பேர் குனிந்து உட்காருகிற மாதிரி ஒரு சின்ன அறை. மீன்பிடிக்கிற படகு இல்லை. பஞ்சாலையில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் தீவுகளுக்கு உல்லாசமாகப் போய்வரக் கட்டியது. அவர் சீமைக்குத் திரும்பும்போது அதை பிளாரன்ஸின் அப்பாவிடம் விட்டுப் போனார். அப்பா கொழும்புக்குத் தோணி ஓட்டிய தண்டல். ஆண்பிள்ளை இல்லாத மனுஷன். பன்னிரண்டு வயசிலிருந்தே மகளை உட்காரவைத்துச் சுக்கான் பிடிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டார். அவர் கண்ணை மூடியதும் படகு மருமகன் கைக்கு வந்தது. கூடவே, அவரிடம் தோணியில் வேலை பார்த்த மரியானும் வந்தான்.

படகு கைக்கு வந்ததுமே பாஸ்கல் ஒரு சட்டம் போட்டான். பொம்பளை கால் படகில் படக் கூடாது.

"அப்ப படகுல சலேத் மாதான்னு எழுதியிருக்கே? மாதா பொம்பள இல்லையா?" என்று பிளாரன்ஸ் கேட்டாள்.

"ஏளா, மாதா கால் வைக்கல. பேருதான் வச்சிருக்கா" என்றான் பாஸ்கல்.

அன்றிலிருந்து நாலு வருஷமாக அவள் படகைக் கரையிலிருந்துதான் பார்த்தாள். பாய் கிழிந்தால் மட்டும் அது வீட்டுக்கு வந்துவிடும். கூடம் முழுக்கப் பாயை விரித்து, ஒரு மூலையில் பிள்ளையைத் தூங்கவைத்து, இன்னொரு மூலையிலிருந்து தைத்துக்கொண்டு வருவாள். குங்கிலியம் காய்ச்சுவது அவள். பலகை இடுக்கில் அடைக்கப் பஞ்சு திரிப்பது அவள். ஞாயிற்றுக்கிழமையானால் பாஸ்கல் ஆபீஸ் சிநேகிதர்களோடு முயல் தீவுக்குப் போவான். மரியான் படகு ஓட்டுவான். சிநேகிதர்கள் சீட்டு ஆடுவார்கள். பாஸ்கல் கண்ணை மூடி, வாயை இறுக்கி, அறைக்குள் படுத்திருப்பான். கேட்டால் கடலை ரசிக்கிறேன் என்பான். திரும்பி வந்து, "படக வச்சு மேய்க்கது லேசுப்பட்ட காரியமா?" என்று பெருமூச்சு விடுவான்.

சரி, மீன்தலைக்கு வருவோம். பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் பாஸ்கல் பேச்சை எடுத்தான்.

"அந்த மரியான் வாரம் தவறாம இங்கன வந்து சாப்பிடணுமா?"

"பாவம், தனிக்கட்டை. அவுக கட்டுன முடிச்சப் பாத்தியளா? கச்சான் காத்து என்ன பாடு படுத்துனாலும் அவுழாது."

"முடிச்சுதான? நானும் கட்டுவேன்."

"கட்டுங்க. துணி காயப்போடக் கொடி அறுந்து கெடக்கு."

பாஸ்கல் கொடி கட்டினான். முன்னே ஒரு சுற்று, பின்னே ஒரு சுற்று, நடுவில் ஒரு நுழைப்பு. பார்க்க மரியான் முடிச்சு மாதிரியேதான் இருந்தது. பிளாரன்ஸ் சேலையும் பிள்ளை துணியும் காயப்போட்டுத் திரும்பவில்லை, அத்தனையும் மணலில் கிடந்தது. ஆபீசுக்குப் போட்டுப் போகிற வெள்ளைச் சட்டையும்தான்.

"மரியானண்ணனக் கூப்பிடட்டா?" என்றாள் அவள், துணியை உதறியபடி.

அந்த ஒரு வார்த்தை பாஸ்கலை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. ஆபீசில் சரக்குப் பட்டியலில் உப்பு என்று எழுத வேண்டிய இடத்தில் மரியான் என்று எழுதி, மானேஜரிடம் ஏச்சு வாங்கினான்.

இந்தச் சமயத்தில்தான் இன்சூரன்ஸ் ஆசை பிடித்தது. அதுவும் பொறாமையில் வந்ததே. போன ஐப்பசிப் புயலில் பக்கத்துத் தெருக்காரர் படகு பாறையில் மோதித் தூள்தூளானது. இன்சூரன்ஸ் கட்டியிருந்த மனுஷன் தை மாதம் புதுப் படகோடு நின்றார். பாஸ்கலுக்கு ஆறவில்லை. "அவருக்குப் படகு ஒடையுது, புதுசு வருது. நம்ம படகு ஒடையக்கூட மாட்டேங்கே" என்று சலித்துக்கொண்டான். சிநேகிதர்களும் இன்சூரன்ஸ் இல்லாத படகில் இனிக் கால் வைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஓடிப்போய் ஒரு விண்ணப்பப் பாரம் வாங்கி வந்தான்.

பாரத்தில் ஒரு கேள்வி இருந்தது. படகை நடத்துபவர் யார்? பாய்மரத்தில் அவருக்குப் பத்து வருஷப் பழக்கம் உண்டா?

பிளாரன்ஸ் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சொன்னாள். "மரியானண்ணன் பேர எழுதுங்க. அவுக பேர எழுதிட்டா, காலத்துக்கும் அவுக நம்மகூடத்தான். நமக்கும் நிம்மதி."

காலத்துக்கும்! பாஸ்கலுக்குக் காது சூடாகிவிட்டது. பேனாவை எடுத்து, நடத்துபவர் என்ற இடத்தில் பாஸ்கல் பர்னாந்து என்று தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினான். பழக்கம்: பத்து வருஷம்.

மறுநாள் சாயங்காலம் நேரே கடற்கரைக்குப் போனான். படகு மணலில் சாய்ந்து கிடந்தது. மரியான் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"மரியான், ஒனக்கும் வயசாகுது" என்று பாஸ்கல் ஆரம்பித்தான். "வேற நல்ல வேலை இருந்தாப் பாத்துக்கோ. நான் குறுக்க நிக்கல."

மரியான் எழுந்து நின்றான். "மாப்ள, நெசமாத்தான் சொல்லுதியளா?"

அழுது காலைப் பிடிப்பான் என்று பாஸ்கல் பயந்தான். அதனால் அவசரமாக, கிறிஸ்துமஸுக்குத் தைத்துப் போடாமல் வைத்திருந்த சட்டையைத் தருவதாகச் சொன்னான். நல்லவன் வல்லவன் என்று இங்கிலீஷில் ஒரு கடிதமும் எழுதித் தருவதாகச் சொன்னான். மரியான் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஒங்க மனசு யாருக்கு வரும்?" என்றான். சுரண்டுகிற கத்தியைப் பாஸ்கல் கையிலேயே கொடுத்துவிட்டு, விசில் அடித்தபடி போய்விட்டான்.

விசில் கொஞ்சம் இடித்தது. ஆனாலும் அன்று பாஸ்கலுக்குச் சோறு இரண்டு கவளம் கூட இறங்கியது.

"மரியான நிப்பாட்டிட்டேன்" என்றான்.

பிளாரன்ஸ் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "ஒங்க இஷ்டம்" என்றாள். அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தான். முந்தானைக்குள் ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த வாரம் இன்சூரன்சிலிருந்து ஜெயசிங் சார் வந்தார். நாசரேத்துக்காரர். குடை, தோல் பை, மூக்குக்கண்ணாடி. பள்ளிக்கூடத்துப் பரீட்சைக்கு வந்தவர் மாதிரியே இருந்தார். படகு, கடலுக்குள் நீளும் மரப்பாலத்தை ஒட்டித் தண்ணீரில் நின்றது. பிளாரன்ஸ் இடுப்பில் பிள்ளையும் கையில் காப்பிப் பாத்திரமுமாகப் பாலத்தில் ஓரமாய் நின்றாள்.

ஜெயசிங் சார் ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்த்தார். நங்கூரக் கயிறு சரி. மணல் வாளி சரி. மிதவை வளையம் ஒன்றுதான் இருந்தது.

"இன்னொன்று எங்கே மிஸ்டர் பாஸ்கல்?"

அது வீட்டுச் சுவரில், நடுவில் மாதா படம் வைத்து மாட்டியிருந்தது. பிளாரன்ஸ் அதைப் படத்தோடு கழற்றிக் கொண்டுவந்து காலடியில் வைத்திருந்தாள். படத்தை எடுத்துக்கொண்டு வளையத்தை நீட்டினாள்.

"சரி. படகை நடத்துபவர் நீங்கள். பத்து வருஷம். இடப்பக்கம் என்ன விளக்கு வைப்பீர்கள்?"

"மண்ணெண்ணெய் விளக்கு சார்."

"கலர்?"

பாஸ்கல் வானத்தைப் பார்த்தான். பின்னாலிருந்து சன்னமாய் ஒரு குரல் வந்தது. "இடது கைக்குச் செவப்பு, வலது கைக்குப் பச்சை."

"செவப்பு சார்!"

"காற்று திடீரென்று எதிரே திரும்பிவிட்டது. என்ன செய்வீர்கள்?"

"கரைக்கு வந்துருவேன்."

"எப்படி?"

"சீக்கிரமா."

ஜெயசிங் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடியில் பலகை விட்டுத் தண்ணீர் ஏறுகிறது. முதல் காரியம் என்ன?"

"மரியானக் கூப்பிடுவேன்." சொல்லிவிட்டுத்தான் பாஸ்கல் நாக்கைக் கடித்தான்.

பாலத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஜெயசிங் சார் சிரிக்கவில்லை. திரும்பி, "அம்மா, நீங்கள் சொல்லுங்கள்" என்றார்.

பிளாரன்ஸ் தலை நிமிராமலே சொன்னாள். "ஓட்டை இருக்க பக்கத்தக் காத்துக்குக் காட்டித் திருப்பணும் சார். படகு மறுபக்கம் சாயும், ஓட்டை தண்ணிக்கு மேல வந்துரும். அப்புறம் பஞ்சும் குங்கிலியமும் வச்சு அடைக்கணும். இந்தப் படகுல இடது கைக்கு மூணாவது பலகதான் பழசு. அங்கதான் மொதல்ல பாக்கணும்."

"அது எப்படித் தெரியும்? நீங்களும் படகில் போவீர்களா?"

"ஏறத்தான் கூடாது சார். கரையில கெடக்கும்போது அடியில படுத்துச் சொரண்டலாம்னு அவுக சட்டத்துல எடமிருக்கு."

"ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள்."

"சார், பொம்பளை கால்..." என்று பாஸ்கல் குறுக்கே விழுந்தான்.

"அப்படியானால் பாரத்தைக் கிழித்துவிடட்டுமா?"

பிளாரன்ஸ் பிள்ளையைப் பாஸ்கல் கையில் கொடுத்தாள். காப்பிப் பாத்திரத்தையும் கொடுத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாலு வருஷத்தில் முதல் தடவையாக ஏறினாள். கயிற்றை ஒரு இழு இழுத்தாள். அவள் கையால் தைத்த பாய் புடைத்துக்கொண்டது. படகு பாலத்தை விட்டுக் குதித்துப் போனது.

பாஸ்கல் கரையில் நின்றான். அவன் படகில், அவன் பெண்டாட்டியோடு, நாசரேத்து ஆள் ஒருவர் போய்க்கொண்டிருக்கிறார். அவர் குடையை மடக்கிவிட்டார். சிரிக்கிறார். காற்றில் முடி பறக்கிறது. எவ்வளவு முடி! பாஸ்கலுக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்த நேரம் பார்த்துப் பிள்ளை அவன் சட்டையை நனைத்துவிட்டது. எரிச்சல் அணையவில்லை.

பத்து நாளில் இன்சூரன்ஸ் காகிதம் வந்தது. எல்லாம் இங்கிலீஷ். பாஸ்கல் ஒரு தரம் படித்தான். உட்கார்ந்து இன்னொரு தரம் படித்தான்.

"என்ன எழுதியிருக்காரு?" என்றாள் பிளாரன்ஸ்.

"ஒனக்குப் புரியாது."

"ஆமா, எனக்கென்ன தெரியும்" என்று அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எழுதியிருந்தது இதுதான். திருமதி பிளாரன்ஸ் படகில் இருந்து சுக்கான் பிடிக்கும்போது மட்டும் இன்சூரன்ஸ் செல்லும். மற்ற நேரம் செல்லாது.

பாஸ்கல் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகினான். செருப்பு மாட்டாமல் மரியான் வீட்டுக்கு ஓடினான். மரியான் அந்தப் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான்.

"மரியான், திரும்பி வந்துரு. ஒம் பேரப் பாரத்துல எழுதுதேன். எல்லாத் தலையும் ஒனக்குத்தான்."

"அய்யோ மாப்ள, நாளைக்கு மாலத்தீவுக்குத் தோணி கெளம்புதே. பெரிய வேலை. ரெண்டு மாசத்துக்கு முன்னாலயே பேசி முடிச்சாச்சு."

"ரெண்டு மாசமா? எங்கிட்ட ஏம்ல சொல்லல?"

"தண்டல் மருமகன எப்படி விட்டுட்டுப் போறதுன்னு எனக்குச் சங்கடம். தங்கச்சிதான் சொல்லிச்சு. 'நீங்க ஒண்ணும் வாயத் தெறக்காதிய அண்ணே. நாலு ஞாயித்துக்கிழமை வந்து நல்லாச் சாப்பிடுங்க. அவுகளே சட்டை எடுத்துக் குடுத்து அனுப்பிருவாக'ன்னு."

பாஸ்கல் வந்த வழியே திரும்பினான். வெறுங்காலில் மணல் சுட்டது இப்போதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் ஆபீஸ் சிநேகிதர்கள் குடும்பத்தோடு மரப்பாலத்தில் நின்றார்கள். யார் சொல்லி வந்தார்கள் என்று பாஸ்கல் திரும்பினான்; பிளாரன்ஸ் பாயை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை பெண்டாட்டிமார் எல்லாரும் ஏறினார்கள். சீட்டுக்கட்டுக்கு இடமில்லை. பிளாரன்ஸ் பின்னால் உட்கார்ந்து சுக்கானைப் பிடித்தாள். நீச்சல் தெரியாதவருக்கு என்று மிதவை வளையத்தைப் பாஸ்கல் தலை வழியாக மாட்டிவிட்டாள். மடியில் பிள்ளையையும் வைத்தாள்.

முயல் தீவுக்கு நேரே வந்ததும் காற்று மாறியது. பாயைக் கட்டிய கட்டை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வீசத் தயாரானது.

"பாய் திரும்புது. தலையக் குனிஞ்சுக்கிடுங்க" என்றாள் பிளாரன்ஸ்.

பாஸ்கல் குனிந்தான். தலைக்கு மேலே கட்டை விர்ரென்று போனது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான்.

"ஏளா, எப்ப நிமிரலாம்?"

"நான் சொல்லுதேன்."