இடைச்சாவடியின் சங்கு

பனி விலகாத நாடு ஒன்று இருந்தது. எதிர்வீட்டுக்காரர் இருமினால்தான் எதிரே ஒரு வீடு இருப்பதே தெரியும். அதனால் குடிமக்கள் தினமும் விடிந்ததும், ஊருக்கும் தலைநகருக்கும் நடுவே இருந்த இடைச்சாவடிக்குப் போய், "இருக்கிறேன்" என்று சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். சீட்டில் பெயரோடு அவரவர் கருவியும் இருக்கும்: சங்கு, முரசு, விளக்கு. சாவடி அதை அப்படியே தலைநகருக்கு அனுப்பும். ஆபத்து என்றால் தலைநகர்க் கோபுரம் அந்தந்தக் கருவியில் அவர்களைக் கூப்பிடும்.

அணைக்குக் கீழே வாத்து மேய்த்த மருதாயிக்குச் சிறுவயதுக் காய்ச்சலில் காது போய்விட்டது. அவள் சீட்டில் விளக்கு. அணை திறக்குமுன் பனியையும் துளைத்துக்கொண்டு கோபுரத்தின் செவ்விளக்கு அசையும். அவள் வாத்துகளை ஓட்டிக்கொண்டு மேடேறிவிடுவாள். இருபது வருடம் அப்படித்தான் பிழைத்தாள்.

சாவடிக்குப் புதுத் தலைவராக அம்பலத்தரசர் வந்தார். "நாடு ஒன்று. கருவி மட்டும் எதற்குப் பல?" என்று கேட்டார். அன்றிலிருந்து எல்லாச் சீட்டிலும் கருவியை அழித்து, 'சாவடியின் சங்கு' என்று எழுதி அனுப்பினார்கள்.

மருதாயி ஓடிவந்தாள். "ஐயா, எனக்குக் காது கேக்காதுய்யா. வெளக்குன்னு இருந்ததை அழிச்சுப்புட்டீகளே!"

"அம்மணி, சட்டத்தின் முன் எல்லார் காதும் சமம்" என்றார் அம்பலத்தரசர். அது அவளுக்குக் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த குமாஸ்தா சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த மருதாயி, காரியம் முடிந்தது என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த ஆணை வந்தது. சீட்டெல்லாம் ஒன்றுபோலவே இருப்பதால் இனி யாரும் நேரில் வர வேண்டாம். நேற்றைய சீட்டைச் சாவடியே பார்த்து எழுதி அனுப்பிவிடும். நடை மிச்சம், தலைவர் எங்கள் வயிற்றில் பால் வார்த்தார் என்று மக்கள் மாலை போட்டார்கள்.

மழைக்காலத்தில் ஒரு நண்பகல் அணை நிரம்பியது. கோபுரத்தார் பட்டியலைப் பார்த்தார்கள். நாற்பதாயிரம் பேரும் சாவடியில், எல்லாருக்கும் ஒரே சங்கு. சாவடியைப் பார்த்து ஒருமுறை ஊதினார்கள். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்த அம்பலத்தரசர், "அனைவரும் கேட்டோம்" என்று பதில் ஊதச் சொன்னார்.

"மன்னா, நாற்பதாயிரம் பேரும் ஒரே குரலில் பதில் சொல்லிவிட்டார்கள். இப்படியொரு ஒற்றுமையை இந்த நாடு கண்டதில்லை" என்றார் மந்திரி.

மன்னருக்குக் கண் கலங்கியது. "திறவுங்கள்."

மருதாயி பனியை அண்ணாந்து பார்த்தாள். எங்கும் வெள்ளை, சிவப்பு எதுவும் இல்லை. நிம்மதியாக வாத்துகளோடு ஆற்றில் இறங்கினாள்.

சாயங்காலம் வாத்துகள் மட்டும் கரையேறின. மறுநாள் காலையிலும் "மருதாயி, இருக்கிறேன்" என்ற சீட்டு தலைநகருக்குப் போய்ச் சேர்ந்தது.

மாதம் ஒன்று கழித்து அமைச்சர் பதவிக்குத் தேர்தல் வந்தது. வாக்குச் சீட்டுகளும் சாவடி வழியாகவே போயின. அம்பலத்தரசர் நாற்பதாயிரத்துக்கு நாற்பதாயிரம் வாங்கி அமைச்சரானார்.

மருதாயியின் தங்கை மாரக்காள் தலைநகருக்கு நடந்தே போனாள். "எங்க அக்கா ஆத்தோட போயி மாசம் ஒண்ணாச்சுய்யா. பேரை எடுத்துருங்க."

அதிகாரி பட்டியலைப் புரட்டினார். "வாக்களித்திருக்கிறாரே!"

"செத்தவ எப்படிய்யா ஓட்டுப் போடுவா?"

"அவர்கள் ஒழுங்காகப் போட்டுவிடுகிறார்கள், அம்மா. உயிரோடு இருப்பவர்களை நம்பித்தான் தேர்தல் நடத்த முடிவதில்லை."